கெப்பின் ஏசி கண்டென்சர் மாற்றுதல்: படிப்படியான முழு வழிகாட்டி

திருகோணமலையில் கடற்கரையோரம் ஓடும் கெப்களில் ஏசி கண்டென்சர் ஓட்டையாவது வழக்கமான சங்கதி. ஏசி காஸின் சூட்டை வெளியே விடும் இந்தப் பகுதி கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பதால் உப்புக்காற்றும் கல்லும் முதலில் அதில்தான் படுகின்றன. கழற்றுவதும் பூட்டுவதும் பெரிய வேலை இல்லை. கராஜுக்குப் புதிதாக வரும் பொடியன்களும் வீட்டு முற்றத்தில் தாங்களே செய்து பார்ப்பவர்களும் பிழைவிடுவது வேறு இடத்தில்: பைப்பைத் திறந்ததிலிருந்து வெக்குவம் பம்ப் ஓடத் தொடங்கும் வரையான நேரத்தில். அந்த நேரம் முழுக்க நம்முடைய கடல் ஈரக்காற்று பைப்புக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கீழே சொல்லும் ஒழுங்கு அந்த நேரத்தைக் குறைப்பதற்காகவே வந்தது, அதனால் படிகளை முன்பின் மாற்றாதீர்கள்.

இது ஆர்134ஏ காஸ் ஓடும் டீசல் டபுள் கெப்களுக்கு. பொனட்டுக்குக் கீழே உள்ள ஸ்டிக்கரில் ஆர்1234வைஎஃப் என்று இருந்தால் நிறுத்துங்கள். அந்தக் காஸ் தீப்பற்றக் கூடியது, அதன் பொருத்திகளும் வேறு, அதற்கென்று மெஷின் உள்ள இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

1. கண்டென்சர்தான் பிழையா?

ஏசி குளிரவில்லை என்றதும் கண்டென்சருக்கு ஓடர் கொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டி ஓடும்போது குளிர்ந்து, மணிக்கூட்டுக் கோபுரச் சந்தி நெரிசலில் நிற்கும்போது சூடாகிறதென்றால் அனேகமாகக் கண்டென்சரில் ஓட்டை இல்லை. காற்று போதாமல்தான் அப்படி நடக்கும். பல டீசல் கெப்களில் கண்டென்சருக்கும் காற்றை இழுப்பது எஞ்சினோடு சுற்றும் விசிறிதான். அதன் நடுவிலுள்ள பிசுக்குக் கிளச் தளர்ந்துபோனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது விசிறி வழுக்கும். சில கெப்களில் கண்டென்சருக்கு முன்னால் மின்விசிறி ஒன்று தனியாக இருக்கும், அது எரிந்துபோயிருக்கலாம். இரண்டையும் பார்த்துவிட்டு, கண்டென்சரை நல்ல தண்ணீரால் கழுவியும் பாருங்கள்.

உண்மையான லீக் அடையாளம் விட்டுப் போகும். காஸோடு ஒயிலும் வெளியேறுவதால் ஓட்டை இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டிய புழுதியும் கறுப்பாகத் தெரியும். கடற்கரை வண்டிகளில் இது பெரும்பாலும் கீழ் ஓரத்திலும் பக்கவாட்டு இணைப்பிலும் இருக்கும், ஏனென்றால் உப்பும் சேறும் தங்குவது அங்கேதான். சந்தேகமான இடத்தில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். உள்ளே அழுத்தம் மிச்சமிருந்தால் குமிழி வரும். அழுத்தமே இல்லையென்றால் படி 9இல் சொல்லும் நைட்ரஜன் சோதனையை இப்போதே ஒருமுறை செய்யுங்கள். ஓட்டை கண்டென்சரில் இல்லாமல் ஹோஸில் இருந்தால் முன்பக்கம் முழுவதையும் கழற்றும் வேலை மிச்சம்.

2. சாமான் கைக்கு வந்த பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள்

இங்கே கடையில் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும், பிழையான சாமான் வந்தால் அது திரும்பிப் போய் வர நாட்கள் ஆகும். அதுவரை வண்டி முகமில்லாமல், பைப் வாய் திறந்தபடி நிற்கும். அதனால் வண்டியின் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி ஓடர் கொடுக்காதீர்கள். செசி நம்பரையும், பழைய கண்டென்சரின் பைப் வாய்கள் தெரியும்படி எடுத்த படத்தையும் அனுப்புங்கள். ஒரே மொடலில் எஞ்சினைப் பொறுத்துப் பைப் வாய் இடம் மாறும்.

சாமான் வந்ததும் பெட்டியைத் திறந்து அகலம், உயரம், தாங்கிகளின் துளை, பைப் வாய்கள் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். பைப் வாய்களில் உள்ள பிளாஸ்டிக் மூடிகளை மட்டும் தொடவே வேண்டாம். புதிய கண்டென்சர் எப்படி இருக்கிறதென்று பார்க்க மூடியைக் கழற்றிவிட்டு அப்படியே பெஞ்சில் வைத்துச் சாப்பிடப் போன பொடியனை எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது உள்ளே இருந்த டிரையர் (ஏசிக்குள் வரும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பகுதி) ஈரம் குடிக்கத் தொடங்கிவிட்டிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத சேதம் என்பதால்தான் யாரும் கவனிப்பதில்லை.

இப்போது வரும் பல கண்டென்சர்களில் டிரையர் பக்கவாட்டுக் குழாயாகக் கூடவே இருக்கும். உங்களுடையதில் அது தனிப் போத்தலாக இருந்தால் அதையும் புதிதாக வாங்குங்கள். லீக் ஆகி வெறுமையாகக் கிடந்த ஏசியில் பழைய டிரையர் ஏற்கெனவே நனைந்துபோயிருக்கும். அதை வைத்துக்கொண்டு கண்டென்சரை மட்டும் மாற்றுவது காசைக் கடலில் போடுவது மாதிரி.

காஸை அமுக்கித் தள்ளும் கொம்ப்ரசர் அரைந்து உலோகத் தூள் வந்த வண்டி என்றால் பழைய கண்டென்சரைக் கழுவிப் பாவிக்கலாமா என்று கேட்பார்கள். முடியாது. இப்போதைய கண்டென்சர்களின் குழாய்களுக்குள் மெல்லிய வழிகள் பல பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒன்று அடைத்திருந்தால் கழுவும் திரவம் மற்ற வழியால் போய்விடும், அடைத்த தூள் அங்கேயே இருக்கும்.

3. முதல் நாளே செய்து வைக்க வேண்டியவை

கருவிகள்: 8, 10, 12 மில்லிமீற்றர் சொக்கெட், பம்பர் கிளிப் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பி, இரண்டு கேஜ் உள்ள மனிஃபோல்ட் (நீலம் அழுத்தம் குறைந்த பக்கம், சிவப்பு கூடிய பக்கம், நடு மஞ்சள் ஹோஸ் பம்புக்கும் சிலிண்டருக்கும்), வெக்குவம் பம்ப், கிராம் காட்டும் தராசு, ரெகுலேட்டரோடு நைட்ரஜன் சிலிண்டர், கண்ணாடி, கையுறை. பம்பும் நைட்ரஜனும் வாடகைக்கோ கைமாற்றாகவோ வருவதென்றால் அவை முற்றத்துக்கு வந்து சேர்ந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். "பின்னேரம் கொண்டு வாறன்" என்ற சொல்லை நம்பிக் காலையில் பைப்பைத் திறந்துவிட்டு, அடுத்த நாள் மத்தியானம் வரை காத்திருந்த கதைகள் ஏராளம்.

ஒயில், ஓ-ரிங் (பைப் இணைப்பில் லீக்கை அடைக்கும் ரப்பர் வளையம்), காஸ் மூன்றும் அதே நாள் கையில் இருக்க வேண்டும். ஒயில் வகை கொம்ப்ரசரின் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். பிஏஜி 46 நிறைய வண்டிகளில் வரும், ஆனால் ஊகத்தில் வாங்க வேண்டாம். சிறிய டின்னாக வாங்குங்கள். பிஏஜி ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பாதி திறந்து மாதக்கணக்கில் அலுமாரியில் கிடந்த போத்தல் பயன்படாது.

காஸ் சிலிண்டரையும் ஒருமுறை சோதியுங்கள், மலிவு விலையில் கலப்புக் காஸ் வருவதால் இதைச் சொல்கிறேன். சிலிண்டரை ஒரு இரவு முழுக்க நிழலில் வைத்து, காலையில் கேஜைப் பூட்டிப் பாருங்கள். சுத்தமான ஆர்134ஏ 30 பாகை செல்சியசில் ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. காட்டும். அதிலிருந்து நன்றாக விலகி நின்றால் அந்தச் சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள்.

நம் பக்கத்து வண்டிகளில் அலுமினியக் கட்டைக்குள் இரும்பு போல்ட் உப்பால் இறுகிப்போயிருக்கும். முதல் நாள் பின்னேரமே பைப் இணைப்புப் போல்ட்களுக்குத் துருநீக்கி எண்ணெய் விடுங்கள். ஒரு இரவு ஊறினால் பாதி இறுக்கம் போய்விடும். கழரவில்லை என்று டோர்ச்சால் சூடு காட்டவே கூடாது, உள்ளே மிச்சமிருக்கும் காஸ் நெருப்பில் பட்டால் நச்சுப் புகையாகும்.

நாளையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். மார்கழி வாடை மழையில் கூரை இல்லாத இடத்தில் ஏசி திறக்க வேண்டாம். ஆனி ஆடிக் கச்சான் காற்று உலர்ந்தது, ஈரத்துக்கு நல்லது, ஆனால் புழுதி பறக்கும். அந்த நாட்களில் காற்று எழும்புவதற்கு முன் விடியற்காலையிலேயே பைப் வேலையை முடித்துவிடுங்கள்.

4. மிச்சக் காஸை எடுப்பித்தல்

உள்ளே அழுத்தம் இருந்தால் காஸை மெஷினால் உறிஞ்சி எடுக்கும் ஏசி கராஜுக்கு முதலில் போங்கள். வால்வை அமத்தி வெளியே விடுவது இங்கே பழக்கமாக இருக்கிறது, அதை நான் ஏற்கவில்லை. ஆர்134ஏ ஒரு கிலோ வெளியேறினால் வெப்பமாக்கும் தன்மையில் சுமார் 1430 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமம். அது திரவமாகத் தெறித்தால் கண் போகும். அதன் கொதிநிலை கழித்தல் 26 பாகை, பட்ட இடம் உடனே உறைந்துவிடும்.

காஸ் எடுத்த பிறகு வண்டியை வீட்டுக்கு ஓட்டி வரலாம். ஏசி சுவிட்சைப் போடாதீர்கள், கொம்ப்ரசர் கிளச்சின் வயர் பிளக்கையும் கழற்றி விடுங்கள். காஸ் இல்லாமல் கொம்ப்ரசர் சுற்றினால் ஒயில் போகாது, அரைந்துவிடும்.

5. முன்பக்கத்தைக் கழற்றுதல்

பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, இரண்டு நிமிடமாவது காத்திருங்கள். முன்புறச் சட்டத்தில் ஏர்பேக் சென்சர் இருக்கும், அதன் பக்கத்தில்தான் கைபோடப் போகிறோம்.

அப்புறம் கிரில், தேவையென்றால் பம்பர், ஹோன், பொனட் லொக் தாங்கி. வெயிலில் காய்ந்த பழைய கிளிப்கள் உடையத்தான் செய்யும், ஒரு டசின் உபரியாக வாங்கி வையுங்கள். பொனட் லொக்கைக் கழற்றுவதற்கு முன் மாக்கரால் அதன் ஓரத்தைக் கோடிட்டு விடுங்கள். இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது பொனட் சரியாக இருக்காது.

கண்டென்சரைச் சுற்றி ஓரங்களில் கறுப்பு நுரை ரப்பரும் பிளாஸ்டிக் தட்டுகளும் இருப்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இவை ஏதோ அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். முன்னால் வரும் காற்று பக்கத்தால் ஒதுங்கிப் போகாமல் கண்டென்சருக்குள்ளாகவே போக வைப்பதும், பின்னாலிருந்து சூடான காற்று திரும்பிச் சுற்றி வராமல் தடுப்பதும் இவைதான். இவை இல்லாமல் பூட்டிய வண்டி, எல்லாம் புதிதாக இருந்தும் நிற்கும்போது குளிராது, பிறகு காஸ் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று வீணாகத் தேடுவார்கள்.

ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு காட்போட் அட்டையைச் செருகிவிடுங்கள். கண்டென்சரின் மூலை பட்டு ரேடியேட்டர் கிழிந்தால் அன்றைய வேலை இரண்டாகும்.

இந்தக் கட்டத்தில் பைப் இன்னும் திறக்கவில்லை. கண்டென்சரைத் தாங்கும் போல்ட்களை எல்லாம் தளர்த்தி, வெளியே எடுக்க இடம் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். ஏதாவது தடுத்தால் இப்போதே கழற்றுங்கள். புதிய கண்டென்சரில் பூட்ட வேண்டிய ரப்பர் கால், தாங்கி எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

6. பைப்பைத் திறந்து பழையதை எடுத்தல்

இங்கிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். ஒருவர் தனியாகச் செய்தாலும் திறந்ததிலிருந்து மூடும் வரை இருபது நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு.

கேஜில் அழுத்தம் பூச்சியம் என்று உறுதி செய்துவிட்டுப் போல்ட்டைக் கழற்றுங்கள். இணைப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் பைப்பைப் பிடித்து முறுக்காதீர்கள், இதில்தான் அலுமினியப் பைப் மடிந்து வெடிக்கிறது. கட்டையை மட்டும் பிடித்து, இடம் வலமாக மெல்ல அசைத்து நேராக இழுங்கள். வண்டிப் பக்கம் திறந்திருக்கும் இரண்டு பைப் வாய்களையும் அந்த நிமிடமே மூடுங்கள். புதிய கண்டென்சரின் மூடி பொருந்தினால் பிறகு பார்க்கலாம், இப்போதைக்குச் சுத்தமான பொலித்தீனும் ரப்பர் பேண்டும் போதும். துணி அடைக்க வேண்டாம், நூல் உள்ளே போகும், துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

பழைய கண்டென்சரைத் தூக்கும்போது பைப் வாய் கீழே பார்க்கும்படி ஒரு அளவுப் பாத்திரத்துக்கு மேல் சாயுங்கள். வடியும் ஒயிலை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒயில் பச்சையாகவோ தேன் நிறமாகவோ தெளிவாக இருந்தால் நல்லது. கறுப்பாகி மினுங்கும் தூளோடு வந்தால் நிறுத்துங்கள், கொம்ப்ரசர் போய்க்கொண்டிருக்கிறது, அதைப் பார்க்காமல் புதிய கண்டென்சரைப் பூட்டினால் அதுவும் அடைத்துவிடும்.

7. ஒயிலும் ஓ-ரிங்கும்

வடிந்த அளவு புதிய கண்டென்சருக்குள் போக வேண்டும். லீக்கால் ஒயில் ஏற்கெனவே வெளியேறி ஒன்றும் வடியாவிட்டால், கண்டென்சர் மாற்றத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 30 முதல் 40 மில்லிலீற்றர். உங்கள் வண்டியின் புத்தகத்தில் தனி அளவு இருந்தால் அதுதான் கணக்கு. கூட விடுவது நல்லது என்ற எண்ணம் பிழை. கூடுதல் ஒயில் குழாய்ச் சுவரில் படிந்து குளிரைக் குறைக்கும்.

பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போடாதீர்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் அமுங்கித் தட்டையாகியிருக்கும். ஆர்134ஏக்கு உரிய ஏசி ஓ-ரிங்தான் வேண்டும். தண்ணீர்ப் பைப் வொஷர் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டவர்களுக்குச் சில வாரங்களில் திரும்ப லீக். புதியதை அதே ஏசி ஒயிலில் நனைத்துப் பூட்டுங்கள், உலர்ந்து போனால் உள்ளே தள்ளும்போது சுருண்டு கிழியும்.

8. புதியதைப் பூட்டுதல்

கண்டென்சரை முதலில் அதன் கால்களில் உட்கார வைத்து, தாங்கிப் போல்ட்களைக் கையால் மட்டும் பிடிப்பியுங்கள். மூடிகள் இன்னும் இருக்கட்டும். அப்புறம் ஒரு வாயின் மூடியைக் கழற்றி, பைப்பைச் செருகி, போல்ட்டை விரலால் இறுக்கிவிட்டு அடுத்த வாய்க்குப் போங்கள். பல புதிய கண்டென்சர்களில் மூடி திறக்கும்போது மெல்லிய "உஸ்" சத்தம் வரும், அடைத்து அனுப்பிய நைட்ரஜன்தான் அது.

பைப்பை முதலில் பூட்டி, தாங்கிகளை இரண்டாவதாக இறுக்க வேண்டும். மாறிச் செய்தால் பைப் கோணலாக இழுபட்ட நிலையில் இறுகி, குண்டும் குழியுமான ரோட்டில் ஓடும்போது ஆட்டம் முழுக்க அந்த இணைப்பில் விழும்.

இந்தச் சிறு போல்ட்டுகளுக்கு அதிக பலம் தேவையில்லை. 6 மில்லிமீற்றர் போல்ட் என்றால் 10 நியூட்டன் மீற்றருக்குள்ளேயே போதும். லீக்கை அடைப்பது ஓ-ரிங், போல்ட்டின் இறுக்கம் அல்ல. நீளமான ரெட்செட்டால் இறுக்கி அலுமினியப் புரியை உரித்துவிட்டால் புதிய கண்டென்சர் குப்பைக்கு.

9. நைட்ரஜன் சோதனை

பலரும் இதைத் தாண்டி நேரே வெக்குவத்துக்குப் போகிறார்கள். வெக்குவம் இழுக்கும் அழுத்த வித்தியாசம் 15 பி.எஸ்.ஐ.க்கும் குறைவு. ஓடும் ஏசியில் கண்டென்சர் பக்கம் 200க்கு மேல் இருக்கும். வெக்குவத்தில் தாக்குப்பிடித்த ஓ-ரிங் அந்த அழுத்தத்தில் ஒழுகலாம்.

ரெகுலேட்டர் வழியாக 150 பி.எஸ்.ஐ. ஏற்றி, இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவி, அரை மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். முள் அசையக் கூடாது. நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று வெல்டிங் ஒட்சிசனை ஏற்றவே வேண்டாம், ஒயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். ரயர் காற்றும் வேண்டாம், அது ஈரத்தை அப்படியே உள்ளே தள்ளும்.

இது சரி என்றால்தான் பம்பரைப் பூட்ட வேண்டும். நுரைத் தட்டுகளை மறக்காதீர்கள்.

10. வெக்குவம்

நைட்ரஜனை வெளியே விட்டுவிட்டு, இரண்டு பக்கக் கேஜ் வால்வையும் திறந்து பம்பை ஓட்டுங்கள். இது காற்றை வெளியேற்ற மட்டும் என்று நினைப்பவர்கள் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். முக்கிய வேலை உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக எடுப்பது. 30 பாகை வெப்பத்தில் தண்ணீர் கொதிக்க, முள் ஏறத்தாழ 28.7 அங்குல வெக்குவத்தைத் தாண்ட வேண்டும். நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் நல்ல பம்ப் 29க்கு மேலே போகும். 28இல் நின்றுவிடும் பம்ப் எத்தனை மணித்தியாலம் ஓடினாலும் ஈரத்தை எடுக்காது, பம்ப் ஒயிலை மாற்றிப் பாருங்கள்.

குறைந்தது 45 நிமிடம். ஏசி பல நாள் வெறுமையாகக் கிடந்ததென்றால் ஒன்றரை மணித்தியாலம். பிறகு வால்வுகளை முதலில் மூடி, அதற்குப் பிறகே பம்பை நிறுத்துங்கள். மாறிச் செய்தால் பம்ப் வழியாகக் காற்று திரும்பிப் போகும். இருபது நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும்.

ஈரம் மிச்சமிருந்தால் என்ன ஆகும்? காஸ் குளிர்ந்து விரியும் சிறு துளையான விரிவு வால்வில் அது பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைக்கும். வண்டி கந்தளாய் தாண்டும் வரை நன்றாகக் குளிர்ந்து, திடீரென்று சூடாகி, நிறுத்தி வைத்து எடுத்தால் திரும்பக் குளிரும். இப்படி ஒரு முறைப்பாடு வந்தால் காஸைக் கூட்டிக் குறைத்துப் பார்க்காமல், டிரையரை மாற்றித் திரும்ப வெக்குவம் போடுங்கள்.

11. காஸ் நிரப்புதல்

அளவு பொனட் ஸ்டிக்கரில் கிராமில் இருக்கும். தராசில் சிலிண்டரை வைத்து நிறைப்படிதான் ஏற்ற வேண்டும். கேஜைப் பார்த்து "குளிர்ந்தது, போதும்" என்று நிறுத்துவது நம் ஊர் வெயிலில் ஏமாற்றும், ஏனென்றால் அழுத்தம் வெளி வெப்பத்தோடு ஏறி இறங்கும்.

மஞ்சள் ஹோஸிலுள்ள காற்றை மனிஃபோல்ட் பக்கம் ஒரு கணம் தளர்த்தி வெளியேற்றுங்கள். சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, நீலப் பக்கம் மட்டும் திறந்து காஸை விடுங்கள். உள்ளே வெக்குவம் இருப்பதால் கொஞ்சம் தானாகவே போகும். ஓட்டம் நின்றதும் கிளச் பிளக்கையும் பற்றரியையும் பூட்டி, எஞ்சினை இயக்கி, ஏசியை முழுக்கப் போடுங்கள், மிச்சத்தைக் கொம்ப்ரசர் இழுக்கும். சிலிண்டரைக் கவிழ்க்க வேண்டாம், திரவம் கொம்ப்ரசருக்குள் போனால் அதன் வால்வு உடையும்.

எஞ்சின் ஓடும்போது சிவப்புப் பக்க வால்வைத் திறக்கவே கூடாது. அந்தப் பக்க அழுத்தம் சிலிண்டருக்குள் திரும்பிப் பாய்ந்து அது வெடிக்கலாம். பக்கத்தில் நிற்கும் யாருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

12. சரியா என்று பார்த்தல்

எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில், உட்காற்றுச் சுழற்சியில், டாஷ்போர்டின் நடுக் காற்று வாயில் வெப்பமானியைச் செருகிப் பத்து நிமிடம் விடுங்கள். மத்தியான வெயிலில் நீலப் பக்கம் 30 முதல் 45, சிவப்புப் பக்கம் 200 முதல் 250 பி.எஸ்.ஐ. என்ற அளவில் இருந்தால் திருப்தி. சிவப்பு 300ஐத் தாண்டினால் ஏசியை நிறுத்திவிட்டு விசிறியையும் நுரைத் தட்டுகளையும் பாருங்கள், அதற்குப் பிறகே காஸ் அளவைச் சந்தேகியுங்கள். வண்டிக்குக் கீழே தண்ணீர் சொட்டுவது லீக் இல்லை, கபினுக்குள் குளிர்ந்த காற்றின் ஈரம்தான் வடிகிறது.

ஹோஸ்களைக் கழற்றியதும் சேர்விஸ் வால்வு மூடிகளைத் திரும்பப் பூட்டுங்கள். புழுதியையும் உப்பையும் தடுப்பது அவைதான். பிறகு நிலாவெளி வரை ஒரு ஓட்டம் போய் வந்து, சூடு ஆறியதும் இணைப்புகளை விரலால் தொட்டுப் பாருங்கள், ஒயில் பசை இருக்கக் கூடாது. ஒரு கிழமை கழித்து இன்னொரு தடவை பாருங்கள், சில ஓ-ரிங் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்ட பிறகே காட்டிக்கொடுக்கும்.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கும் கடற்கரைக்கும் போய் வரும் கெப் என்றால் கிழமைக்கு ஒரு தடவை கிரில் வழியாகக் கண்டென்சரில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வீட்டுத் தோட்டக் குழாயின் வேகம் போதும். சேர்விஸ் நிலையத்து அழுத்தத் துப்பாக்கியை நேரே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்று போகும் வழியே அடைபட்டுவிடும்.